கைபேசியில் காணிப்பத்திரம்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானில் உறவினர் ஒருவர், மடிப்புகள் கிழிந்து எழுத்து மங்கிய காணி அனுமதிப்பத்திரத்தைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்துக்காட்டியபோது, அவரது சட்டைப்பையில் இருந்த புதிய கைபேசி அழைப்புக்கும் காணொளிக்கும் மட்டுமே பயன்படுவதை எண்ணி மனம் வருந்தியது. 2009ஆம் ஆண்டுப் போரின் இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்து, பிரதிகளுக்காக அலைந்த குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ இருக்க, அந்தச் சிறு கருவியாலேயே பத்திரங்களைப் பிரதியெடுத்துக் காக்கலாம் என்பதை நாம் இன்னும் உணராதிருப்பது எனக்குப் பெரும் ஆதங்கம்.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பெரும்பாலும் முன்பே இருக்கும், கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் கூகுள் டிரைவ் செயலியைத் திறந்து, கூட்டல் குறியைத் தொட்டு, ஸ்கேன் என்பதைத் தெரிவுசெய்து, பகல் வெளிச்சத்தில் பத்திரத்தைச் சமதளத்தில் விரித்துப் படமெடுங்கள். ஓரங்களைச் செயலியே கண்டறிந்து, சாய்வைத் திருத்திப் பிடிஎஃப் கோப்பாக்கிவிடும். (சாதாரணப் புகைப்படத்தில் நிழல் விழுந்து எழுத்து மறைவதுண்டு.) பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றையும் இவ்வாறே சேமிக்கலாம்; கூகுள் கணக்கில் 15 ஜிபி இடம் இலவசம். கைபேசி தொலைந்தாலும் வேறொன்றில் அதே கணக்கால் நுழைந்து கோப்புகளைப் பெறலாம் என்பதால், கடவுச்சொல்லை மறவாமல் குறித்து வையுங்கள். மூலப்பத்திரத்தைக் கட்டாயம் பத்திரப்படுத்துங்கள். இப்பிரதி அதற்கு ஈடாகாது. சிக்னல் கிடைக்காத இடங்களுக்குச் செல்பவர்கள், அக்கோப்பை இணையமின்றித் திறக்கும் வசதியையும் முன்கூட்டியே இயக்கிக்கொள்ளுங்கள்.