நாடாளுமன்றத்துக்கு மனு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், உசிலம்பட்டி பக்கத்து விவசாயச் சங்கங்கள் டெல்லிக்கு அனுப்பும் மனுக்களைத் திருத்திக் கொடுப்பது பல வருடமாக என் வேலை. இப்போது படித்த பிள்ளைகள் நிறையப் பேர் சங்கத்துக்கு வருகிறார்கள். அது பெரிய சந்தோஷம். ஆனால் முன்னால் இருந்தவர்கள் சறுக்கிய இடத்திலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, முகவரிப் பிழையெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். ஒரு மக்களவையின் ஐந்து ஆண்டுகள் எப்படி ஓடுகின்றன என்று தெரியாமல் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காலாவதியான மசோதாவை எதிர்ப்பது

2024 கடைசியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணே, மின்சார மசோதாவ வாபஸ் வாங்கச் சொல்லி எழுதியிருக்கோம், ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்றார். முதல் பக்கம் டைப் அடித்தது. பின்னால் கத்தையாகக் கையெழுத்துத் தாள்கள். பாதிக்கு மேல் ஊதா மையில் பெருவிரல் ரேகை. கிணற்று மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரம் போய்விடுமோ என்ற பயத்தில் கடைமடை சம்சாரிகள் வைத்த ரேகைகள் அவை.

மனு எதிர்த்த மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமானது. எரிசக்தித் துறை மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழுவான எரிசக்தி நிலைக்குழுவின் ஆய்வுக்குப் போனது. அவையில் நிறைவேறவில்லை. 2024 ஜூன் 5 அன்று 17ஆவது மக்களவை கலைக்கப்பட்டதும் அதுவும் காலாவதியாகிவிட்டது. இல்லாத மசோதாவை யார் வாபஸ் வாங்குவது? மசோதா எந்த நிலையில் இருக்கிறது என்று நாடாளுமன்ற இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் வீடு வீடாக ஏறியிருக்கிறார்கள். இதே விஷயம் வேறொரு பெயரில் நாளைக்குப் புது மசோதாவாக வரலாம். அப்போது அந்தப் பெரியவர்களிடம் மறுபடி ரேகை கேட்டால், "போன வாட்டி வச்சோமே, என்னாச்சு?" என்பார்கள். பதில் சொல்ல வாய் வராது. எனக்கு இன்னும் கோபம் ஆறாதது இதனால்தான்.

விதி இதுதான். மக்களவை கலைந்தால், அங்கே நிலுவையில் உள்ள மசோதா எல்லாம் காலாவதி. மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் காத்திருப்பதும் காலாவதி. 2019 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்த மசோதா அப்படித்தான் போனது. அந்த டிசம்பரில் புதிதாகக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 2010இல் மாநிலங்களவையைத் தாண்டியும், மக்களவையில் தேங்கி 2014இல் காலாவதியானது.

மாநிலங்களவையில் அறிமுகமாகி, மக்களவைக்கு வராமலே கிடக்கும் மசோதா தப்பிக்கும், ஏனென்றால் மாநிலங்களவைக்குக் கலைப்பே கிடையாது. 2004இல் அங்கே வந்த விதை மசோதா 2009, 2014 கலைப்புகளைத் தாண்டியும் நிலுவையில் இருந்தது. ஆகவே மசோதா எந்த அவையில் பிறந்தது, இன்று எந்த அவையில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு மனுவில் முதல் வரி எழுதுங்கள்.

கூட்டத்தொடர் முடிந்ததும் பயப்படுவது

கூட்டத்தொடர் முடிந்தால் மசோதா காலாவதியாகாது. மக்களவையே கலைந்தால்தான் காலாவதி.

ஐந்தாண்டைத் தப்பாக எண்ணுவது

ஓட்டு எண்ணிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. அவை முதன்முதலில் கூடும் நாளிலிருந்துதான் ஐந்தாண்டு. 17ஆவது மக்களவைக்குத் தேர்தல் முடிவு வந்தது 2019 மே 23. முதல் அமர்வு ஜூன் 17. இப்போதைய அவை 2024 ஜூன் 24 அன்று கூடியது.

அதைவிட முக்கியம், கடைசி மாதங்களை நம்பாதீர்கள். 17ஆவது மக்களவைக்கு 2024 ஜூன் வரை காலம் இருந்தது. ஆனால் அது கடைசியாக அமர்ந்தது பிப்ரவரி 10. மார்ச்சில் போன மனுவை எந்த உறுப்பினர் எழுந்து பேசியிருக்க முடியும்?

போன வருடக் குழுவுக்கு எழுதுவது

துறைவாரி நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. குழுவின் காலம் ஒரே வருடம்தான். வருடாவருடம் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்து எழுதுங்கள். அமைச்சர் பெயரை அந்தப் பட்டியலில் தேட வேண்டாம், அமைச்சர்கள் இதில் இருக்க மாட்டார்கள்.

பிரதமரையும் சபாநாயகரையும் குழப்புவது

மசோதா கொண்டுவருவது, திரும்பப் பெறுவது அரசாங்கத்தின் வேலை. அவையை நடத்துவது சபாநாயகர் வேலை. "மசோதாவைத் திரும்பப் பெறுங்கள்" என்று சபாநாயகருக்கு எழுதினால் பயனில்லை. பிரதமரே எப்போதும் மக்களவையின் அவை முன்னவராக, அதாவது அவையில் அரசுத் தரப்பின் தலைவராக, இருப்பார் என்றும் நினைக்காதீர்கள். மன்மோகன் சிங் மாநிலங்களவை உறுப்பினர் என்பதால், 2004இல் மக்களவையில் அந்தப் பொறுப்பு பிரணாப் முகர்ஜிக்குப் போனது.

அவை கலைந்தாலும் சபாநாயகர் பதவி உடனே போகாது. புது அவை கூடுவதற்குச் சற்று முன்பு வரை அவர் நீடிப்பார். துணை சபாநாயகர் விஷயம் வேறு. 16ஆவது அவையில் கரூர் தம்பிதுரை அந்தப் பதவியில் இருந்தார். 17ஆவது அவை ஐந்து வருடமும் துணை சபாநாயகர் இல்லாமலே ஓடியது. "கூடிய விரைவில்" தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது, தேதி குறிக்கவில்லை. இது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

மாவட்டத்தைத் தொகுதி என்று நினைப்பது

மதுரை மாவட்டத்தில் இருந்தாலும் உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனி மக்களவைத் தொகுதி. திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகர். மதுரை எம்.பி.க்கு எழுதும் முன் இதைப் பாருங்கள்.