1390 சிசி டிஎஸ்ஐ இன்ஜின்: வாங்கும் முன் பார்ப்பது எப்படி, வாங்கியபின் காப்பது எப்படி

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, சியாட், ஆடி என்று ஒரே குடும்பத்துக் கார்கள் பலவற்றில் வந்த 1.4 டிஎஸ்ஐ (டர்போ வைத்து, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை) பெட்ரோல் இன்ஜினை ஓட்டுகிறவர்கள் புகழ்வார்கள், கழற்றிப் பார்த்த மெக்கானிக்குகள் முகம் சுளிப்பார்கள். இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். நல்ல இன்ஜின், ஆனால் ஆயிலையும், பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் செயினையும் கவனிக்காதவர்களை அது மன்னிப்பதில்லை.

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த 1.4 என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு தலைமுறை ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவுச் சான்றில் இன்ஜின் கொள்ளளவைப் பாருங்கள். 1390 சிசி என்றால் இஏ111 என்ற பழைய தலைமுறை, அதில் டைமிங் செயின். 1395 சிசி என்றால் 2012 முதல் வந்த இஏ211, அதில் டைமிங் பெல்ட், பிளாக்கும் அலுமினியம், கிட்டத்தட்ட வேறொரு இன்ஜின். இங்கே சொல்வதெல்லாம் 1390-க்குத்தான்.

அந்த 1390-லும் இரண்டு வகை உண்டு. 2005-இல் வந்தது, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் (இன்ஜினே சுற்றுவது), டர்போ (புகைவாயு சுற்றுவது) இரண்டையும் சேர்த்து வைத்த ட்வின்சார்ஜர். 140-இல் ஆரம்பித்து 180 குதிரைத்திறன் வரையிலும் அதற்கு மேலும் போனது. 2007-இல் சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டு டர்போ மட்டும் வைத்த 122 குதிரைத்திறன் வகை வந்தது. பழைய கார் வாங்குகிறீர்கள் என்றால் தயங்காமல் இந்த இரண்டாவதைத் தேடுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

122 குதிரைத்திறன் வகையின் கணக்கு இது: நான்கு சிலிண்டர், 16 வால்வு, போர் (சிலிண்டரின் விட்டம்) 76.5 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 75.6 மிமீ, கம்ப்ரஷன் 10:1, வார்ப்பிரும்பு பிளாக், பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். முழுத் திறன் 5000 ஆர்பிஎம்மில் வரும், ஆனால் 200 நியூட்டன் மீட்டர் டார்க் 1500-லேயே வந்து 4000 வரை அப்படியே நிற்கும். டர்போ சின்னது, நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது, அதனால்தான் காலை வைத்ததும் பிக்கப் கிடைக்கிறது. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் காருக்கு முன்னால் இல்லை, இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரில் குளிரும்படி வைத்திருக்கிறார்கள். 95 ஆக்டேன் பெட்ரோல் கேட்கும். அதற்குக் கீழே ஊற்றி மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

சரி, செயினுக்கு வருவோம். இந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இன்ஜின் நின்றால் அழுத்தம் இறங்கிவிடும், மறுபடி செல்ஃப் அடித்து ஆயில் ஏறும்வரை சில நொடிகள் செயின் தொளதொளவென்று ஓடும். புதுச் செயினுக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் இணைப்புகள் தேய்ந்து நீண்டுபோன செயின் அந்த நொடிகளில் ஒரு பல் தாண்டிவிடலாம், தாண்டினால் பிஸ்டனும் வால்வும் மோதும், அப்புறம் ஹெட்டைக் கழற்றாமல் தீராது. கிலோமீட்டர் கணக்கை வைத்து மட்டும் இதை முடிவுசெய்ய முடியாது. நிறைய ஓடியும் செயின் நன்றாக இருக்கும் கார் உண்டு, குறைவாக ஓடி, தினமும் குட்டிக் குட்டிப் பயணமாகப் போய், ஆயில் மாற்றாமல் கிடந்து தேய்ந்ததும் உண்டு.

கண்டுபிடிக்க நல்ல வழி காதுதான். காரை ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் பானெட்டைத் திறந்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி நீங்கள் செயின் பக்கம் நின்று கேளுங்கள். ஒரு நொடி லேசான சத்தம் வந்து அடங்கினால் பயப்பட வேண்டாம். கடகடவென்று இரண்டு மூன்று நொடி அடித்தால், அதுவும் போன மாதத்தைவிட நீளமாக அடித்தால், செயின் வேலைக்கு நாள் குறித்துவிடுங்கள். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே காரைச் சூடாக்கி வைத்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது. பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புவது உத்தமம்.

காதை நம்பாதவர்கள், காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடலாம். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க்ஷாஃப்ட்டும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி0016 கோளாறு எண் வந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது செயினைத்தான். ஆனால் எண் வரவில்லை என்பதால் செயின் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது, சத்தம் முதலில் வரும், எண் தாமதமாகத்தான் வரும்.

மாற்றுவதாக இருந்தால் செயின், டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட்டுகள் (செயின் ஓடும் பல்சக்கரங்கள்) எல்லாம் சேர்ந்த முழு செட்டாகப் போடுங்கள். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை மாட்டுவது கூலிக்குக் கேடு. கேம்ஷாஃப்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் டூல் வேண்டும், ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகை போல்ட்டுகளைப் புதிதாகத்தான் போட வேண்டும். அந்த டூல் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள், மார்க் போட்டு மாட்டிவிடலாம் என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

செயின் பழசாகப் பழசாக, காரை நிறுத்தும் விதத்திலும் கவனம் வேண்டும். மேட்டில் கியரில் மட்டும் விட்டு நிறுத்தினால் காரின் எடை இன்ஜினைப் பின்னோக்கிச் சிறிது சுழற்றும். அப்போது டென்ஷனரில் அழுத்தம் இல்லை, செயின் தொய்ந்து பல் தாண்ட வாய்ப்பாகிவிடும். அதனால் கால் பிரேக்கை அழுத்தியபடியே ஹேண்ட்பிரேக்கை முழுக்கப் போட்டு, காலை மெதுவாக எடுத்து எடை ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்ததும்தான் கியர். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை.

ஆயிலைப் பொறுத்தவரை இன்ஜின் கொள்வது 3.6 லிட்டர்தான், கொஞ்சம் குறைந்தாலே பெரிய குறை. ஃபோக்ஸ்வேகன் 504 00 தரத்தில் வந்த 5டபிள்யூ-30 ஆயில் போட்டால் 30,000 கிமீ அல்லது இரண்டு ஆண்டு வரை போகலாம் என்று நீண்டகால சர்வீஸ் திட்டம் சொல்லும். என் கருத்தில் அந்தத் திட்டம்தான் பாதிச் செயின்களைத் தின்றது. ஆயில் எதுவானாலும் ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குள் 10,000 கிமீ வந்துவிட்டால் அப்போதே மாற்றிவிடுங்கள். ஃபில்டரை மலிவாக வாங்காதீர்கள். அதற்குள் இருக்கும் சின்ன வால்வு ஆயிலைக் கீழே வடியவிடாமல் பிடிக்கிறது, அது சரியில்லை என்றால் நல்ல செயினும் காலையில் சத்தம் போடும். செயின் மாற்றச் சொல்வதற்கு முன் ஃபில்டரை மாற்றிப் பார்ப்பது அதனால்தான் புத்திசாலித்தனம். டிப்ஸ்டிக்கை ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் பாருங்கள், ஆயில் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது ட்வின்சார்ஜரை ஏன் தவிர்க்கச் சொன்னேன் என்பது. 160, 180 குதிரைத்திறன் வகைகளில் பிஸ்டனில் மோதிரங்கள் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு உடைவது தெரிந்த நோய். அறிகுறிகள்: ஆயில் குடிக்கும், ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகும் (சரியாக எரியாமல் விட்டுவிடும்), பிளக்கைக் கழற்றினால் ஈரமாக எண்ணெய் பூசியிருக்கும். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால் ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் கீழே நிற்கும். 122-இல் இது அரிது, ஆனால் அதையும் குறைந்த ஆர்பிஎம்மில் முழுக் காலில் அழுத்தி ஓட்டக்கூடாது. மேல் கியரில் 1400-இல் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரைத் தரையில் வைத்தால், தீப்பொறி விழும் முன்பே கலவை தானாகப் பற்றி பிஸ்டனை அடிக்கும் ஆபத்து இருக்கிறது. ஒரு கியர் இறக்கி அழுத்துங்கள்.

ஓவர்டேக் செய்யும்போது திடீரென்று பிக்கப் செத்து, செக் இன்ஜின் விளக்கு வந்து, நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறதா? டர்போவின் வேஸ்ட்கேட் (அழுத்தம் கூடிவிடாமல் புகைவாயுவைத் திறந்துவிடும் கதவு) மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேனரில் பி0299 என்றால் அழுத்தம் போதவில்லை, பி0234 என்றால் கூடிப்போனது. இன்ஜின் முழுக்க ஆறியபின் வேஸ்ட்கேட்டின் கம்பியைக் கையால் நகர்த்திப் பாருங்கள், ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மட்டும் இருக்க வேண்டும், நடுவில் சொரசொரவென்று பிடிக்கக் கூடாது. துரு பிடித்து மாட்டியிருந்தால் அதிக வெப்பம் தாங்கும் லூப்ரிகன்ட் அடித்துப் பலமுறை அசைத்தே சில கார்கள் சரியாகிவிடும். டர்போவையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்கு முன் இதையும், கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வையும், ஹோஸ்களில் விரிசலையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மிஸ்ஸிங் வந்தால் எண்ணே சிலிண்டரைச் சொல்லிவிடும், பி0301 முதல் பி0304 வரை. அந்தச் சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தருவது) பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி மாட்டி ஓட்டுங்கள். எண்ணும் கூடவே இடம் மாறினால் காயில் போயிற்று, மாறவில்லை என்றால் பிளக்கைப் பாருங்கள். 60,000 கிமீயில் பிளக்குகளை எப்படியும் மாற்றிவிடுங்கள். இரண்டும் நன்றாக இருந்தும் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் தடுமாறி, சூடானதும் சரியானால் இன்டேக் வால்வில் கரி படிந்திருக்கலாம். பெட்ரோல் அந்த வால்வின் மேல் படுவதே இல்லை என்பதால் டேங்கில் ஊற்றும் கிளீனர் எதுவும் அங்கே போய்ச் சேராது, விளம்பரம் என்ன சொன்னாலும். மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் வழி. மேனிஃபோல்டு கையில் இருக்கும்போதே அதற்குள் உள்ள இன்டர்கூலரையும் பாருங்கள், ஆயில் ஆவி படிந்து அடைத்திருந்தால் அதையும் கழுவி மாட்டலாம்.

இன்னொன்று, இன்ஜினை நிறுத்தியபின்னும் சில நிமிடம் பானெட்டுக்குள் மெல்லிய இரைச்சல் கேட்டால் அது கோளாறு இல்லை. டர்போவைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் மின் பம்ப் அது, வேலை முடிந்ததும் தானாக நின்றுவிடும்.