சமநிலைக் கணக்கு தப்புவது படத்தில்தான்

திண்பொருள் சமநிலைக் கணக்கில், அதாவது அசையாமல் நிற்கும் ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகளைக் கண்டுபிடிக்கும் கணக்கில், விடை ஒத்துவராவிட்டால் முதலில் கால்குலேட்டர் மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் தாளைப் புரட்டிப் பார்த்தால் சமன்பாடுகளை ஒழுங்காகத்தான் தீர்த்திருப்போம். படத்தில் ஒரு விசை விட்டுப்போயிருக்கும், அல்லது இல்லாத ஒன்று வந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

தனித்த பொருளின் விசைப்படம் என்றால் பொருளை அதைப் பிடித்து நிறுத்தும் தாங்கிகளிலிருந்து முழுக்கக் கழற்றிவிட வேண்டும். தாங்கியையும் வரைந்து, அதன் எதிர்விசையையும் வரைந்தால் பாதிதான் கழற்றியிருக்கிறோம். எதை வரைவது என்பதற்கு ஒரே கேள்வி போதும்: இந்தத் தாங்கி எந்த அசைவைத் தடுக்கிறது? ரோலர், தளத்துக்குச் செங்குத்தான அசைவை மட்டும் தடுக்கிறது. தளம் சாய்ந்திருந்தால் எதிர்விசையும் சாயும். பழக்கதோஷத்தில் நேராக மேல்நோக்கி வரைந்துவிடாதீர்கள். பின் (pin) மூட்டு, அதாவது ஆணியால் கோத்த மூட்டு, இரண்டு திசையிலும் நகரவிடாது, ஆனால் சுழலவிடும். ஆகவே அங்கே இரண்டு விசைக் கூறுகள் உண்டு, திருப்புத்திறன் (விசையைச் செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் வரும் சுழற்றும் விளைவு) கிடையாது. சுவரில் பதித்த முனை சுழலவும் விடாது. அந்த மூன்றாவதை, அதாவது திருப்புத்திறனை, மறப்பவர்கள் ஏராளம்.

அடுத்து, பரவிய சுமை. 6 மீட்டர் உத்திரம், இடது முனையில் பின் மூட்டு, வலது முனையில் ரோலர். இடது முனையிலிருந்து முதல் 4 மீட்டருக்கு மட்டும் மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் சுமை. மொத்தம் 12 கிலோநியூட்டன் என்பதில் யாரும் தவறுவதில்லை. அதை எங்கே வைப்பது என்பதில்தான் வினை. உத்திரத்தின் நடுவில் வைத்தால் இரு பக்கமும் 6, 6 என்று அழகாக வரும்; அழகாக வந்ததாலேயே நம்பிவிடுவோம். வைக்க வேண்டியது சுமையின் நடுவில், இடது முனையிலிருந்து 2 மீட்டரில். அப்போது வலப்பக்கம் 4, இடப்பக்கம் 8 கிலோநியூட்டன்.

இதே உத்திரத்தில் கடிகார திசையில் 18 கிலோநியூட்டன் மீட்டர் இரட்டை (எதிரெதிர்த் திசையில் இழுத்துச் சுழற்ற மட்டும் செய்யும் இரு சம விசைகள்) ஒன்றும் இருக்கிறது என்று வையுங்கள். அது எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று தேடி, அந்தத் தூரத்தால் பெருக்குபவர்கள் உண்டு. வேண்டாம். இரட்டைக்கு எந்தப் புள்ளியைப் பற்றி எடுத்தாலும் ஒரே திருப்புத்திறன்தான்; 18-ஐ அப்படியே சேருங்கள். வலப்பக்கம் 7, இடப்பக்கம் 5 ஆகும்.

விடை மைனஸில் வந்தால் பதற வேண்டியதில்லை, நாம் ஊகித்த திசைக்கு எதிர்த்திசை என்று அர்த்தம், அவ்வளவுதான். பாதிக் கணக்கில் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுவிட்டு, பழைய சமன்பாட்டையே தொடர்வதுதான் ஆபத்து. அப்புறம், எல்லா விசைகளும் ஒரே சமதளத்தில் இருக்கும் கணக்கில் ஒரு பொருளுக்குத் தனித்த சமன்பாடுகள் மூன்றே மூன்று: கிடைவிசைக்கு ஒன்று, செங்குத்து விசைக்கு ஒன்று, திருப்புத்திறனுக்கு ஒன்று. நான்காவது தெரியாத விசைக்காக இன்னொரு புள்ளியைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. சரிபார்க்க மட்டும் உதவும்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு உராய்வில் வருவது. 5 மீட்டர் ஏணி, எடை 200 நியூட்டன், நடுவில் செயல்படுகிறது. சுவர் வழவழப்பு (அங்கே உராய்வு இல்லை), அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, தரையின் உராய்வுக் குணகம் 0.5. குணகத்தைப் பார்த்ததுமே கை தானாக 0.5 × 200 = 100 என்று எழுதிவிடும். ஆனால் அடியைப் பற்றித் திருப்புத்திறன் எடுங்கள்: சுவரின் விசை × 4 = 200 × 1.5. சுவர் தள்ளுவது 75 நியூட்டன்தான். கிடைத்திசையில் இதைச் சமன் செய்ய உராய்வும் 75 தான் இருக்க முடியும். 100 என்றால் மீதி 25 நியூட்டன் ஏணியைச் சுவரை நோக்கித் தள்ளும், சமநிலை எங்கே? குணகம் தருவது உச்சவரம்பை. உராய்வு தேவையான அளவுக்குத்தான் எழும்பும்.

அந்த 100 எப்போது வேலைக்கு வரும்? அடியை 4 மீட்டருக்கு நகர்த்துங்கள். உயரம் 3 ஆகும், தேவையான உராய்வு 400-ஐ 3-ஆல் வகுத்தால் சுமார் 133 நியூட்டன். தரையால் 100-க்கு மேல் தர முடியாது. சரி, ஏணி வழுக்கிவிட்டது. நாம் எழுதிய சமநிலைச் சமன்பாடுகள் இனி அதற்குப் பொருந்தாது.