மார்ச் மேட்னஸில் யார் உண்மையிலேயே நன்றாக ஆடினார்? பாக்ஸ் ஸ்கோரைப் படித்து எடைபோடும் முறை

மார்ச் மேட்னஸ் என்று அழைக்கப்படும், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் என்சிஏஏ தொடரில் 68 அணிகள். தோற்றால் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏழு ஆட்டத் தொடர் கிடையாது என்பதால் ஒற்றை ஆட்டத்தை வைத்தே ஒருவரைத் தலையில் தூக்கி வைப்பதும் கீழே போடுவதும் நடக்கிறது. "அவன் 30 அடிச்சான், இவன் 11தான்" என்பதோடு பேச்சு முடிந்தால் பாதி ஆட்டம் கணக்கில் வராமலே போய்விடும். கையில் பாக்ஸ் ஸ்கோரும் (ஒவ்வோர் ஆட்டக்காரரின் எண்களையும் ஒரு வரியில் தரும் ஆட்டப் பட்டியல்) ஒரு கால்குலேட்டரும் இருந்தால் பத்தே நிமிடத்தில் இதைவிட நல்ல விடைக்கு வந்துவிடலாம்.

முதலில் ஆட்டம் எவ்வளவு வேகம் என்று பாருங்கள்

ஆட்டக்காரரின் வரிக்குப் போகும் முன் அணியின் மொத்த வரிக்குப் போங்கள். ஒரு அணிக்கு எத்தனை முறை பந்து கிடைத்தது, அதாவது எத்தனை பொசெஷன், என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தாக்குதல் ரீபவுண்ட் என்பது தன் அணி தவறவிட்ட ஷாட்டை மறுபடி கைப்பற்றுவது, டர்ன்ஓவர் என்பது ஷாட் எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது, ஃப்ரீ த்ரோ என்பது எதிரணியின் ஃபவுலுக்காக (விதிமீறலுக்காக) தடுப்பில்லாமல் எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி ஷாட். கல்லூரி ஆட்டத்துக்கான சூத்திரம்:

பொசெஷன் = எறிந்த ஷாட்கள் − தாக்குதல் ரீபவுண்ட் + டர்ன்ஓவர் + (0.475 × ஃப்ரீ த்ரோ முயற்சிகள்)

ஓர் அணி 58 ஷாட் எறிந்து, 9 தாக்குதல் ரீபவுண்ட் எடுத்து, 11 டர்ன்ஓவர் விட்டு, 18 ஃப்ரீ த்ரோ எறிந்தது என்று வைத்துக்கொள்வோம். 58 − 9 + 11 + 8.55, அதாவது ஏறக்குறைய 69. அந்த அணி 72 புள்ளி எடுத்திருந்தால் ஒரு பொசெஷனுக்கு 1.05. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் இது சராசரி. 1.20-ஐத் தாண்டினால் எதிரணியின் தடுப்பைக் கிழித்துவிட்டார்கள் என்று பொருள், 0.90-க்குக் கீழே போனால் மூச்சுத் திணறியிருக்கிறார்கள்.

0.475 எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்து ஒரு பொசெஷன் என்றால் 0.5 வர வேண்டும். ஆனால் கூடையும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் வரும் ஒற்றை ஃப்ரீ த்ரோ புதிய பொசெஷனாகாது. அதற்கான கழிவுதான் இது. தொழில்முறை லீக்கான என்பிஏ கணக்கில் 0.44 என்று போடுவார்கள். அந்த எண்ணை இங்கே கொண்டு வந்தால் விடை கொஞ்சம் பிசகும்.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்கு 1996-இல் பிரின்ஸ்டன் நடப்புச் சாம்பியன் யுசிஎல்ஏ-வை வீழ்த்திய ஆட்டம் போதும். முடிவு 43–41. அப்படி ஓர் ஆட்டத்தில் 12 புள்ளி எடுத்தவர், 90-ஐத் தொடும் ஆட்டத்தில் 22 எடுத்தவருக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை.

ஒரு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி

இப்போது ஆட்டக்காரரின் வரி. மிக எளிய கணக்கு இது: எடுத்த புள்ளியை (ஷாட் முயற்சி + 0.475 × ஃப்ரீ த்ரோ முயற்சி) என்பதால் வகுங்கள். 1.05 சுமார், 1.20 நல்ல ஆட்டம், 1.40 அபாரம்.

உச்சம் எப்படி இருக்கும் என்று தெரிய 1992 கிழக்கு மண்டல இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டியூக் 104, கென்டக்கி 103, கூடுதல் நேரத்தில். கடைசி 2.1 விநாடியில் கிராண்ட் ஹில் மைதானத்தின் மறுமுனையிலிருந்து எறிந்த பந்தைப் பிடித்துத் திரும்பி கிறிஸ்டியன் லேட்னர் போட்ட ஷாட்டைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவருடைய வரியைப் பாருங்கள்: ஷாட் 10-க்கு 10, ஃப்ரீ த்ரோ 10-க்கு 10, 31 புள்ளி. 31-ஐ 14.75-ஆல் வகுத்தால் 2.10. அந்தக் கடைசி ஷாட் உள்ளே போகாமல் இருந்திருந்தாலும் அது தொடரின் தலைசிறந்த ஆட்டங்களில் ஒன்றாகவே இருந்திருக்கும், டியூக் தோற்றிருந்தாலும்கூட.

ஃப்ரீ த்ரோவை விட்டுவிட்டு ஷாட்டின் தரத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது: (விழுந்த ஷாட்கள் + விழுந்த மூன்று புள்ளி ஷாட்களில் பாதி) ÷ மொத்த ஷாட் முயற்சி. மூன்று புள்ளி ஷாட்டுக்கு அதன் கூடுதல் மதிப்பைக் கொடுக்கும் சதவீதம் இது. 50-ஐ ஒட்டி வந்தால் சராசரி. 2008-இல் டேவிட்சன் அணிக்கு ஆடிய ஸ்டீபன் கரி, கொன்ஸாகாவுக்கு எதிரான முதல் சுற்றில் 22-க்கு 14, அதில் மூன்று புள்ளி 10-க்கு 8, 40 புள்ளி. (14 + 4) ÷ 22 = 82 சதவீதம். அதே தொடரில் கான்சஸுக்கு எதிராக 25-க்கு 9, மூன்று புள்ளி 16-க்கு 4, 25 புள்ளி. (9 + 2) ÷ 25 = 44 சதவீதம். டேவிட்சன் 57–59 என்று வெளியேறியது. "கரி 25 எடுத்தும் தோற்றார்கள்" என்று எழுதுவது பழக்கம். அணியின் ஷாட்களில் 25-ஐ அவரே எடுத்து 44 சதவீதத்தில் முடித்தார் என்றால், கான்சஸ் எதைச் சாதிக்க நினைத்ததோ அதைச் சாதித்தது என்பதே சரியான வாசிப்பு. அந்தக் கான்சஸ்தான் பின்னர் கோப்பையையும் வென்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரியின் மேல் பழி போடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஒரே வகை ஷாட் எறிபவரை எடைபோடவும் இந்தக் கணக்கு உதவும். 2024-இல் கென்டக்கியை 80–76 என்று வீழ்த்திய ஓக்லாந்து அணியின் ஜாக் கோல்கி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்தே 20 எறிந்து 10 போட்டார். சாதாரணச் சதவீதம் 50 என்று காட்டும். மேலே சொன்ன கணக்கில் 75.

எதிரணி எதை விட்டுக்கொடுத்தது?

எண்கள் கைவிடும் இடம் இதுதான். பெரும்பாலான சண்டைகளும் இங்கேதான் பிறக்கின்றன.

2024 இறுதி ஆட்டம்: யூகான் 75, பர்ட்யூ 60. பர்ட்யூவின் ஏழடி நான்கு அங்குலச் சென்டர் சாக் ஈடி 37 புள்ளி, 10 ரீபவுண்ட், ஷாட் 25-க்கு 15. தனி வரியாகப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. இப்போது கண்ணை அவருடைய வரியிலிருந்து கீழே இறக்குங்கள். பர்ட்யூவின் மற்ற எல்லோரும் சேர்ந்து 23. அணி முழுவதும் எறிந்த மூன்று புள்ளி ஷாட் 7, விழுந்தது 1. அந்தச் சீசனில் மூன்று புள்ளி ஷாட்டில் நாட்டின் முன்வரிசையில் இருந்த அணி அது. யூகான் செய்தது இதுதான்: ஈடியிடம் டோனவன் க்ளிங்கனை ஒற்றையாக விட்டார்கள், இரண்டாவது ஆளைப் பெரும்பாலும் அனுப்பவில்லை. வெளியில் நிற்பவர்களை விட்டு அவரவர் தடுப்பாளர் நகரவே இல்லை. உள்ளே இரண்டு இரண்டு புள்ளியாக வரட்டும், மூன்று புள்ளி வேண்டாம் என்ற ஏற்பாடு. ஈடி நன்றாக ஆடினார். யூகான் அதற்குச் சம்மதித்திருந்தது. இரண்டும் ஒருசேர உண்மை.

ஆகவே, 30-க்கு மேல் எடுத்த ஒருவரைப் பற்றிப் பேசும் முன் மூன்றைச் சரிபாருங்கள். சக ஆட்டக்காரர்கள் வழக்கமாக எறியும் எண்ணிக்கைக்குக் குறைவாக எறிந்தார்களா? அணியின் மூன்று புள்ளி முயற்சி படுத்துவிட்டதா? அவருக்கு இரட்டைத் தடுப்பு வந்ததா, வந்தபோது பந்து யாரிடம் போனது? முதல் இரண்டுக்கும் பாக்ஸ் ஸ்கோரே பதில் சொல்லும். மூன்றாவதுக்கு ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பார்க்கும்போது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருக்க முடியாது. ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடம் மீதமிருக்கும்போது, அதற்கடுத்து பந்து நிற்கும் முதல் இடத்தில் தொலைக்காட்சி இடைவேளை வரும். அந்த இடைவேளைகளில் மட்டும் நான்கே விஷயம் எழுதுங்கள்: ஸ்கோர், முக்கிய ஆட்டக்காரரை யார் தடுக்கிறார், அவர் தலையில் எத்தனை ஃபவுல், அணிக்கு எத்தனை ஃபவுல். ஆட்டம் முடியும்போது எட்டு வரி கிடைக்கும். எந்தக் கட்டத்தில் ஆட்டம் சாய்ந்தது என்பது அந்த எட்டு வரியில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஃபவுலும் நிமிடமும்

கல்லூரியில் ஐந்தாவது ஃபவுலோடு வெளியே. என்பிஏ-வில் ஆறு. அதனால் முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கிவிட்டால் பல பயிற்சியாளர்கள் ஆளை இடைவேளை வரை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். நட்சத்திரம் ஒருவர் 11 புள்ளியோடு முடித்திருந்தால் முதலில் நிமிடக் கட்டத்தைப் பாருங்கள். 22 நிமிடத்தில் 11 என்பது வேறு, 38 நிமிடத்தில் 11 என்பது வேறு. பயிற்சியாளரின் பயத்தை ஆட்டக்காரரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அணியின் ஃபவுல் எண்ணிக்கையும் அப்படித்தான். ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து 'ஒன் அண்ட் ஒன்': முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவதிலிருந்து இரண்டும் உறுதி. ஒன் அண்ட் ஒன்னில் முதலாவதைத் தவறவிட்டால் பாக்ஸ் ஸ்கோரில் ஒரே ஒரு தவறாகப் பதிவாகும். உண்மையில் போனது இரண்டு புள்ளி வாய்ப்பு. கடைசி நிமிடங்களின் பிளே-பை-பிளே பட்டியலை (ஒவ்வொரு நிகழ்வையும் வரிசையாகத் தருவது) திறந்து இதைத் தனியாக எண்ணுவது நல்லது.

2008 இறுதி ஆட்டத்தை மாரியோ சால்மர்ஸின் ஷாட்டாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் அதிகம். 2.1 விநாடி மீதமிருக்க அவர் போட்ட மூன்று புள்ளி, கான்சஸைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோய் 75–68 என்று வெல்ல வைத்தது. ஆனால் அதற்கு முந்தைய 75 விநாடியில் மெம்பிஸ் 5 ஃப்ரீ த்ரோவில் 4-ஐத் தவறவிட்டது. சால்மர்ஸுக்கு அந்தக் கதவைத் திறந்து வைத்தது அதுதான்.

கடைசி நிமிடத்தில் தோற்கும் அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தும். அப்போது முன்னிலையில் உள்ள அணியின் பந்து கையாள்பவருக்கு ஆறேழு ஃப்ரீ த்ரோ சும்மா சேரும். "22 புள்ளி" என்பதில் 6 இப்படி வந்ததா என்று பாருங்கள். அதைக் கழித்துவிட வேண்டியதில்லை, அழுத்தத்தில் ஃப்ரீ த்ரோ போடுவதும் திறமைதான். ஆனால் அதைத் தாக்குதல் ஆட்டத்தின் சான்றாகக் காட்ட வேண்டாம்.

பாக்ஸ் ஸ்கோரின் ஓட்டைகள்

அசிஸ்ட், அதாவது கூடை விழ நேரடியாக வழிசெய்த பாஸ், என்பது ஸ்கோர் எழுதுபவரின் தீர்ப்பு. அருமையான பாஸ் கொடுத்து, வாங்கியவர் ஃபவுலாகி இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டால் பாஸ் கொடுத்தவருக்கு ஒன்றும் எழுதமாட்டார்கள். பிளாக் செய்த (எறிந்த ஷாட்டைத் தட்டிவிட்ட) பந்து கோட்டுக்கு வெளியே போனாலும் சொந்த ஆளிடம் விழுந்தாலும் எண்ணிக்கை ஒன்றுதான், மதிப்பு ஒன்றில்லை. பிளஸ்-மைனஸை, அதாவது ஒருவர் களத்தில் இருந்தபோது இரு அணிகளும் எடுத்த புள்ளிகளின் வித்தியாசத்தை, ஒரே ஆட்டத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம். கூட ஆடிய நால்வர் செய்த பாவபுண்ணியமெல்லாம் அதில் வந்து விழும்.

ஒருவரைப் புள்ளி எடுக்க விடாமல் அடக்கும் தடுப்பாட்டத்துக்கு நேரடிக் கட்டமே கிடையாது. அதற்கு ஒரு குறுக்கு வழி: எதிரணியின் முக்கிய ஆட்டக்காரரின் வரியைப் படியுங்கள். 2016 அரையிறுதியில் ஓக்லஹோமாவின் பட்டி ஹீல்ட், சீசனில் ஆட்டத்துக்கு 25 புள்ளிக்கு மேல் எடுத்து வந்தவர், வில்லனோவாவிடம் 12-க்கு 4 போட்டு 9 புள்ளியோடு முடித்தார். வில்லனோவாவின் பெயர்களில் யார் பக்கத்திலும் அது எழுதப்படவில்லை. முடிவு 95–51.

அதே ஆட்டத்தில் வில்லனோவாவின் ஷாட் சதவீதம் 71.4. பெரிய உள்ளரங்க ஸ்டேடியங்களில் கூடைக்குப் பின்னால் வெட்டவெளியாக இருப்பதால் பந்து விழாது என்று புலம்புபவர்களுக்கு இது ஒரு தொல்லை. 2011 இறுதியில் பட்லர் 64-க்கு 12, அதாவது 18.8 சதவீதம், எறிந்து தோற்றதும் அந்த ஆட்டம் நடந்த அதே ஹூஸ்டன் ஸ்டேடியத்தில்தான். ஒரு ராத்திரியை வைத்துக் கட்டடத்தைக் குற்றம் சொல்வது கைகொடுக்காது.

காலம் தாண்டி ஒப்பிடும்போது

1970-இல் நாட்டர் டேமின் ஆஸ்டின் கார் ஒஹையோவுக்கு எதிராக எடுத்த 61 புள்ளிதான் இந்தத் தொடரில் ஆண்கள் பிரிவின் ஒற்றை ஆட்டச் சாதனை. அப்போது மூன்று புள்ளிக் கோடும் இல்லை, ஷாட் எறிய அணிக்குக் கெடு வைக்கும் ஷாட் கிளாக்கும் இல்லை. ஷாட் கிளாக் 45 விநாடியாக 1985-86 சீசனில் வந்தது. 1993-94-இல் 35, 2015-16-இல் 30. மூன்று புள்ளிக் கோடு 1986-87-இல். 2019-20-இல் ஆண்களுக்கு அந்தக் கோடு 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைக்கும் முன் எந்தக் கோட்டில் ஆடியது என்று ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் தொடரில் விதிகளே கொஞ்சம் வேறு: இரண்டு 20 நிமிடப் பாதிக்குப் பதில் நான்கு 10 நிமிடக் கால்பகுதிகள், ஒன் அண்ட் ஒன் கிடையாது, ஒரு கால்பகுதியில் ஐந்தாவது அணி ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. வாய்ப்புக் கணக்கு அப்படியே செல்லும். 2023-இல் லூயிவில்லை அயோவா 97–83 என்று வென்ற ஆட்டத்தில் கெய்ட்லின் கிளார்க் 41 புள்ளி, 12 அசிஸ்ட், 10 ரீபவுண்ட். ஒரு அசிஸ்ட்டுக்குக் குறைந்தது 2 என்று வைத்தாலே 24. அப்படியானால் 97-இல் குறைந்தது 65 அவர் கை பட்டு வந்தது. அசிஸ்ட்டில் எத்தனை மூன்று புள்ளியாக விழுந்தது என்று பிளே-பை-பிளேயில் எண்ணினால் இன்னும் ஏறும்.

கடைசியாக, 'மோஸ்ட் அவுட்ஸ்டாண்டிங் பிளேயர்' விருதைச் சான்றாக இழுப்பவர்களுக்கு: அது ஃபைனல் ஃபோரின், அதாவது அரையிறுதி, இறுதி என்ற இரண்டு ஆட்டங்களுக்கான விருது. பெரும்பாலும் வென்ற அணிக்கே போகும். தோற்ற அணியிலிருந்து கடைசியாக அதைப் பெற்ற ஆண் ஆட்டக்காரர் ஹூஸ்டனின் ஹக்கீம் ஒலாஜுவான், 1983-இல். 2025-இல் அதைப் பெற்ற ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் ஜூனியர் அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 34 எடுத்தார். ஹூஸ்டனுடனான இறுதியில் முதல் பாதி முழுக்கப் பூஜ்யம், மொத்தம் 11. ஆனால் ஃபுளோரிடா 65–63 என்று முன்னிலையில் நின்ற கடைசிப் பொசெஷனில் ஹூஸ்டனின் எமானுவல் ஷார்ப் மூன்று புள்ளி ஷாட்டுக்கு எழும்பியபோது ஓடி வந்து மேலே பாய்ந்தவர் கிளேட்டன்தான். ஷார்ப் எறியாமல் பந்தைக் கீழே விட்டார். மறுபடி தொட்டால் டிராவல் (பந்தோடு விதிமீறி நகர்வது) என்பதால் தொடவும் முடியவில்லை. அந்தப் பாய்ச்சலை எழுதப் பாக்ஸ் ஸ்கோரில் கட்டம் இல்லை. உங்கள் எட்டு வரிக்குக் கீழே ஒன்பதாவதாக அதை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.