தேய்ந்த மில் சாஃப்டை எறியாதீர்கள்: நிரப்பிக் கடையும் முறை

பெரும்போக நெல் சம்மாந்துறை, ஏறாவூர் மில்களில் வந்து குவிகிற நேரத்தில் பெயாரிங் (சாஃப்டைத் தாங்கிச் சுழலவிடும் வளையம்) தளர்ந்து, சாஃப்ட் என்கிற சுழல்தண்டைத் தின்றுவிட்டால், புதுச் சாஃப்ட் வரும்வரை வேலை நின்றுபோகும். தேய்ந்தது பெயாரிங் அமரும் இடம் மட்டும் என்றால் வெல்டிங்கில் நிரப்பிக் கடையலாம். இங்கே 6208 பெயாரிங் (உள்துளை 40 மி.மீ.), 40 மி.மீ. சாஃப்ட் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வெடிப்புப் பாருங்கள். சாஃப்டைத் துடைத்து மண்ணெண்ணெய் பூசி, அரை மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துச் சோக்குத் தூள் தூவுங்கள். ஈரக்கோடு தெரிந்தால் அந்தச் சாஃப்ட் இரும்புக் கடைக்குத்தான். பிறகு லேத்தில் (கடைசல் இயந்திரம்) இரு சென்டருக்கு, அதாவது இரு முனைக் கூம்புகளுக்கு, நடுவே பூட்டி, டயல் கேஜில் (முள் காட்டும் அளவுமானி) வளைவு பாருங்கள்.

தேய்ந்த இடத்தை 37 மி.மீ. வரை கடையுங்கள். தேய்ந்த தோலின் மேலேயே வெல்டிங் வைத்தால் எண்ணெயும் கறளும் உள்ளே சிக்கித் துளை விழும்.

வெல்டிங்குக்கு 3.2 மி.மீ. 7018 குச்சி (ஐதரசன் குறைந்த வெல்டிங் குச்சி), 100 முதல் 130 அம்பியர். மாரி மழைக் காலத்தில் குச்சி ஈரம் குடித்திருக்கும். 300 பாகை செல்சியஸுக்கு மேல் ஒரு மணி நேரம் சூடாக்காமல் தொடாதீர்கள். அந்த ஈரத்திலிருந்து வரும் ஐதரசன்தான் பின்னர் வெடிப்பாகும். ஈஎன்8 போன்ற நடுத்தரக் கரிம உருக்கென்றால் சாஃப்டையும் 150 முதல் 200 பாகை வரை சூடாக்க வேண்டும். கோடுகளைச் சாஃப்டின் நீளவாக்கில் போடுங்கள்: ஒன்று மேலே, அடுத்தது நேர் எதிரே. ஒரே பக்கமாகப் போட்டால் சாஃப்ட் வளையும். ஒவ்வொரு கோட்டுக்கும் கசடு தட்டி, 43 மி.மீ. வரை நிரப்புங்கள். வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கவ்வியைச் சாஃப்டிலேயே மாட்டுங்கள். லேத்தில் மாட்டினால் அதன் பெயாரிங்தான் கருகும்.

ஆறவிட உமிச் சாம்பலில் புதையுங்கள், மறுநாள் எடுக்கலாம். அது மில்லிலேயே சும்மா கிடக்கும் சரக்குத்தானே. தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.

கடைசிக் கடைசல்தான் உயிர். மைக்ரோமீட்டரில் 40.002 முதல் 40.018 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். சாஃப்டின் தோள் (பெயாரிங் முட்டி நிற்கும் படி) தொடங்கும் மூலையில் உள்ள வளைவின் ஆரம் 1 மி.மீ.ஐத் தாண்டினால் பெயாரிங் தோளில் ஒட்டி அமராது.

சென்டர் பஞ்சால் (கூர்முனைக் குத்தூசி) சாஃப்டில் புள்ளி குத்திப் பெயாரிங்கை இறுக்குகிற குறுக்கு வழி வேண்டாம். அந்தப் புள்ளிகள் நசுங்கியதும் மறுபடி ஆடும்.

பெயாரிங்கை எண்ணெயில் 80 முதல் 100 பாகை வரை சூடாக்கினால் தானாக வழுக்கி ஏறும். தட்டியே ஆக வேண்டுமென்றால் உள்வளையத்தில் குழாய் வைத்துத் தட்டுங்கள், வெளிவளையத்தில் அல்ல.