பிரிக்பீல்ட்ஸில் உடம்பு பிடித்துவிடப் போகிறீர்களா?

மலேசியாவை விட்டு லண்டனில் குடியேறிய நாம், விமானத்தில் பதின்மூன்று மணி நேரம் மடங்கிக் கிடந்து கோலாலம்பூரில் இறங்கினால் இரண்டு ஆசைகள் எழும். ஒன்று வாழையிலைச் சாப்பாடு. மற்றொன்று, முதுகை யாராவது நன்றாகப் பிடித்துவிட வேண்டும் என்பது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். ரசமும் மோரும் நிரம்பிய வயிற்றோடு ஒரு மணி நேரம் குப்புறப் படுத்தவன் சொல்கிறேன்.

சிறு வயதில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தம்பிப்பிள்ளை சாலையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். உள்ளே நுழைந்திருக்க மாட்டீர்கள். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், அந்தச் சுற்றுவட்டாரத்தில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள் பல இருக்கின்றன. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. இங்கே தொழிற்பயிற்சி பெற்றவர்கள் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். பார்வையற்றவர்கள் வழி உணர்ந்து நடப்பதற்காக நடைபாதையில் மேடு வைத்துப் பதித்த மஞ்சள் கற்களைக் கண்டால் அதன் மேல் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருப்பவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு நடங்கள்.

உள்ளே திரை போட்ட சிறு தடுப்புகள், ஒரு கட்டில், சில இடங்களில் மாற்றிக்கொள்ள ஒரு கைலி, தைல வாசம். எண்ணெய் தேய்க்கவா, வெறுங்கையால் பிடிக்கவா என்று பிடித்துவிடுபவர் கேட்பார். பெண்கள் தங்களுக்குப் பெண்தான் வேண்டும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகலில் மலாய் ஆண்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள், அந்த நேரத்தில் போகாதீர்கள்.

முதல் முறை நான் போனபோது பிடித்துவிட்டவர் ஒரு தமிழ் அண்ணன். தோள்பட்டையில் அவர் கட்டைவிரல் இறங்கியபோது உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வலித்தால்தான் சுளுக்கு விடும் என்று வளர்ந்த உடம்பு அல்லவா? எழுந்த பிறகு சொன்னதும் அவர் வருத்தப்பட்டார். "சொல்லியிருக்கலாமே தம்பி, நீங்கள் முகம் சுளித்தது எனக்கு எப்படித் தெரியும்?" மறுநாள் அந்த இடம் கன்றிப்போயிருந்தது. தப்பு என் வாயுடையது.

ஆகவே வாயைத் திறங்கள். மலாய் மறந்துபோயிருந்தால் மூன்று சொற்கள் போதும்: வலித்தால் "சாக்கிட்", மெதுவாக என்றால் "பெர்லாஹான்", போதும் என்றால் "சுக்கூப்". பிடித்துவிடும் மலாய் மாக்சிக் (அத்தை வயதுப் பெண்மணி) உங்கள் வயிற்றையோ முதுகையோ தொட்டுவிட்டு "பாஞாக் அங்கின்" என்றால் பயப்பட வேண்டாம். காற்று நிறைய என்கிறார். நம் பாட்டி சொன்ன வாயுப் பிடிப்புதான்.

படுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டியவையும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, எலும்புத் தேய்மானமா, எதையும் மறைக்காதீர்கள். நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதை யாரிடமும் பிசையக் கொடுக்காதீர்கள். அது சதைப்பிடிப்பாக இல்லாமல் இரத்தக் கட்டியாக இருக்கலாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவதை நான் எங்கேயும் அனுமதிப்பதில்லை. கழுத்து இரத்தக் குழாயில் காயம் படுவது அரிதுதான். பட்டால் பக்கவாதம் வரைக்கும் போகும்.

கோலாலம்பூரின் கடைத்தெருவான புக்கிட் பிந்தாங்கில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் கடைகளைத் தாண்டிப் போய்விடுங்கள். பாதம் பிடிக்கும் சீனக் கடைகள் வேறு வகை. அங்கே வெந்நீரில் காலை வைக்கச் சொல்வார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் முதலில் முழங்கையை நனைத்துச் சூடு பார்க்க வேண்டும். உள்ளங்காலில் ஓரிடத்தை அழுத்திவிட்டுச் சிறுநீரகம் பலவீனம் என்பார்கள். அங்கே யார் அழுத்தினாலும் வலிக்கும். பாதசுகத்துக்குப் போங்கள், நோய் கண்டறியப் போகாதீர்கள்.

மறுநாள் சதை கொஞ்சம் கனப்பது இயல்பு. இரண்டு மூன்று நாள் கழித்தும் வலி ஏறிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கையில் வெள்ளியை (மலேசிய ரிங்கிட்டை) நோட்டாகவே வைத்திருங்கள். கொடுக்கும்போது "ஐம்பது வெள்ளி அண்ணே" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். அவர் விரலால் நோட்டின் அளவைத் தடவிப் பார்ப்பார். சந்தேகப்படுகிறார் என்று எண்ண வேண்டாம். ஒன்று மட்டும்: கழற்றிய செருப்பையும் பெட்டியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். இரண்டு கட்டில்களுக்கு நடுவே உள்ள இடம் அவர் நடக்கும் வழி.