காலையில் முருகைக்கல், மாலையில் கோணமலை: திருகோணமலையில் ஒரே நாளில் இரண்டும்

திருகோணமலைக்கு வருகிறவர்கள் வழக்கமாகப் போடும் திட்டம் இது: காலையில் கோணேசர் கோயில், மதியச் சாப்பாடு, பிறகு நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாத்தீவில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி முருகைக்கல் (பவளப்பாறை) பார்ப்பது. சாமியை முதலில் கும்பிடுவது நல்லதுதான், ஆனால் கடலுக்கு இந்த வரிசை ஒத்துவராது. காலை ஏழு மணிக்குத் தட்டையாகக் கிடக்கும் நிலாவெளிக் கடலில் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். பத்து மணிக்குள் படகு படகாக ஆட்கள் வந்து இறங்கி, ஆழமில்லாத இடத்தில் நின்று மணலைக் கலக்கிவிடுவார்கள். அதன் பிறகு முகக்கண்ணாடி வழியே தெரிவது மோர்தான். கோணேசர் கோயில் இருக்கும் கோணமலையில் நிலைமை நேர் எதிர். அது கிழக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்துப் பாறை. காலையில் வெயில் கண்ணில் அடிக்கும். மாலை நான்கு மணிக்குச் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடுவதால் கீழே தண்ணீரின் நிறமெல்லாம் தெரியும், பாதத்துக்கும் கல் சுடாது. ஆகவே கடல் முதலில், கோயில் மாலையில்.

மாதம் அதைவிட முக்கியம். மே முதல் செப்டம்பர் வரைதான் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும் உண்டு. படகு போனாலும் தண்ணீர் கலங்கித்தான் இருக்கும். சனி, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறை மூன்றையும் தவிர்த்தால் பாதி நெரிசல் குறையும். தங்குவதற்கு நகரம் வேண்டாம். அங்கிருந்து வடக்கே 15 கிலோமீட்டரில் உள்ள நிலாவெளியில் முதல் நாள் இரவே வந்து தங்கிவிடுங்கள்.

புறாத்தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். படகில் கால் மணி நேரம்கூட ஆகாது. 1963இல் சரணாலயமாக்கப்பட்டு 2003இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம் என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு கட்டாயம். படகுக் கூலி அதற்கு மேல் தனி. வெளிநாட்டவருக்குச் சீட்டு விலை பல மடங்கு, கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். படகுக்காரர் ஒரு தொகை சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: இது ஆளுக்கா படகுக்கா, சீட்டும் முகக்கண்ணாடியும் இதில் சேர்த்தியா, எத்தனை மணி நேரம் காத்திருப்பீர்கள். கரையில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றைக் கேட்காமல் ஏறியதால் வருபவை. தீவில் கடை கிடையாது. திரும்ப நிரப்பும் போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.

இனி முகக்கண்ணாடி. வாடகைக்கு எடுக்கும்போது பட்டியைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. நழுவினால் அடுத்ததைப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் எல்லாரும் பட்டியைத்தான் இறுக்குவார்கள். இறுக்க இறுக்க ரப்பர் விளிம்பு மடிந்து இன்னும் கசியும். உண்மையான காரணம் வழக்கமாக இந்த மூன்றில் ஒன்று: விளிம்புக்கடியில் சிக்கிய தலைமுடி, முகத்தில் பூசிய கிரீம், மீசை. மீசையை எடுக்க மனமில்லாதவர்கள் மூக்குக்குக் கீழே அரை சென்ரிமீட்டர் மட்டும் மழித்தால் போதும், அல்லது கொஞ்சம் வாஸ்லின் தடவலாம். காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்காதீர்கள், பட்டி வழுக்கிக்கொண்டே இருக்கும். புகை படியாமலிருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்துக் கடல்நீரில் ஒருமுறை அலசுங்கள். கூச்சமாக இருந்தாலும் இதைவிட மலிவான வழி இல்லை.

மூச்சுக்குழாயை வாயில் கவ்விய பிறகு வாய்வழி மூச்சு மட்டும்தான். குழாயில் தண்ணீர் ஏறினால் பதறித் தலையைத் தூக்க வேண்டாம். ஊதுகுழலில் அடுப்பு ஊதுவதுபோல் ஒரே மூச்சில் ‘தூ’ என்று ஊதுங்கள், வெளியேறிவிடும். இதை இடுப்பளவுத் தண்ணீரில் ஐந்தாறு முறை பழகாமல் பாறைப் பக்கம் போகாதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் மிதவைச் சட்டையைக் கழற்றவே கூடாது. சட்டை ஆளை நிமிர்த்தி நிறுத்தப் பார்க்கும். கைகளை முன்னே நீட்டி முகத்தைத் தண்ணீரில் வைத்தால் உடம்பு தானாகப் படுத்துக்கொள்ளும்.

உடை விஷயத்தில் சேலை, துப்பட்டா, பருத்திச் சுடிதார் எதுவும் வேண்டாம். நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். முழுக்கை பாலியெஸ்டர் சட்டையும் கணுக்கால் வரை லெகிங்ஸும் ஆண் பெண் இருவருக்கும் சரி. முதுகும் கெண்டைக்காலும்தான் மேலே வெயிலில் கிடக்கும், தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவது தெரியாது. துணி மூடிவிட்டால் சன்ஸ்கிரீன் அதிகம் தேவைப்படாது. பல சன்ஸ்கிரீன்களில் உள்ள ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் முருகைக்குக் கேடு. இறங்கும் கரை முழுக்க உடைந்த முருகைச் சில்லு, வெறுங்காலோடு நடக்க முடியாது. ரப்பர் செருப்பு மாட்டிக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் இறங்குவது? அன்றைய காற்றுக்கு மறைவான பக்கம். படகுக்காரருக்கு அது தெரியும். பெரிய தீவுக்கும் சின்னத் தீவுக்கும் இடையே நீந்திக் கடக்க நினைக்காதீர்கள். எப்போதும் முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள், களைத்த பிறகு அது உங்களைத் திரும்பக் கொண்டுவரும்.

உள்ளே பார்ப்பது எல்லாம் படத்தில் கண்ட வண்ணக் காடாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடல் சூடேறி முருகை வெளுத்துச் செத்த இடங்கள் நிறைய. ஆனால் ஒரே இடத்தில் அசையாமல் இரண்டு நிமிடம் மிதந்தால் காட்சி மாறும். கிளிமீன் பாறையைக் கடிக்கும் ‘கறுக் கறுக்’ சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். அது அரைத்துக் கழிப்பது வெண்மணலாகப் பின்னால் உதிரும். துடுப்பு நுனி கறுத்த சுறா விடியலில் கரையோரம் வரும். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், ஆளைக் கண்டால் அதுதான் ஒதுங்கிப் போகும். அழுங்காமை அல்லது பேராமையைப் பார்த்தால் துரத்தாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். மூச்சுக்கு மேலே வரும் வழியை மறித்தால் போய்விடும். களைத்துப்போய் முருகை மேல் காலூன்றுவதுதான் பெரிய பிழை. கொப்பு முருகை ஒரு மிதியில் உடையும், உங்கள் காலும் கிழியும், அந்தக் கீறல் லேசில் ஆறாது. கிழிந்தால் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவிச் சில்லை எடுத்துவிடுங்கள்.

ஒன்றரை மணி நேரம் போதும். பத்தரைக்குக் கரை திரும்பிக் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு, இரண்டரைக்குக் கிளம்பினால் கோயிலுக்குப் போகும் வழியில் கன்னியா வெந்நீர் ஊற்றையும் சேர்க்கலாம். ஏழு சதுரக் கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் வேறு. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். முதுகு வெயிலில் வெந்திருந்தால் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோணேசர் கோயிலுக்கு பிரட்ரிக் கோட்டைக்குள் புகுந்துதான் போக வேண்டும். வாசலில் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் இரண்டு பொருள்கள் அங்கே கல்லில் இருக்கின்றன: பாண்டியரின் மீன் சின்னம், கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் (போர்த்துக்கேயர்) பிரிப்பர் என்று சொல்லும் தேய்ந்த தமிழ்க் கல்வெட்டு. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோயில் பிரிந்து கோட்டையானதற்கு அந்த வாசலே சாட்சி. உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, அதைப் படம் எடுக்காதீர்கள். புள்ளிமான்கள் கிட்டே வரும், தீனி கொடுக்காதீர்கள்.

மேலே போனால் முழங்கால் மூடிய உடை, தோள் மூடிய சட்டை. சம்பந்தர் பாடிய தலம். இன்றைய கட்டடம் 1963இல் குடமுழுக்குக் கண்டது. இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவருகே நின்று கீழே பாருங்கள். இடித்த கோயிலின் தூண்கள் அந்தத் தண்ணீருக்கடியில்தான் கிடக்கின்றன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் முக்குளித்துக் கண்டார்கள். மூச்சுக்குழாயோடு அங்கே இறங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. அலை பாறையில் மோதித் திரும்பும் இடம். காற்றுருளை முக்குளிப்புப் பயிற்சி உள்ளவர்கள், உள்ளூர் வழிகாட்டியோடு, அமைதியான நாளில் மட்டுமே போக வேண்டியது.

இன்னொரு நாள் கையிலிருந்தால் புல்மோட்டைச் சாலையில் வடக்கே திரியாய்க்குப் போங்கள். குன்றின் மேல் பழைய வட்டதாகே (பௌத்தத் தூபியைச் சுற்றிய வட்டக் கட்டடம்), பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு. எழுத்துகள் ஆழமில்லாதவை, உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாது. எட்டு மணிக்குள் போனால் சாய்ந்த வெளிச்சத்தில் எழும்பித் தெரியும்.